பிரஷர் சரியாகிவிட்டது, இனி மாத்திரை எதற்கு?

ரத்த அழுத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது இதயம். இதயம் இறைக்கிறது, குழாய்கள் தாங்குகின்றன என்ற அளவில் அது சரிதான். ஆனால் அந்த அழுத்தம் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் எந்த அளவில் நிலைத்து நிற்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் சிறுநீரகத்தின் பங்கே பெரிது. உடலில் எவ்வளவு உப்பு தங்கலாம், அதோடு எவ்வளவு நீர் தங்கலாம் என்ற கணக்கு அதனிடம்தான் இருக்கிறது. இந்த இரண்டு உறுப்புகளும் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்வது பெரும்பாலும் ஹார்மோன்கள் வழியாக.

நான் கோபிசெட்டிபாளையத்தை ஒட்டிய ஓர் ஊரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் பல, இந்த ஹார்மோன்களைக் கட்டுப்படுத்துவதற்காகவே தரப்படுகின்றன. ஆனால் அவற்றை வாங்க வருகிறவர்களில் பலரும், கருவியில் தெரியும் எண்ணைக் குறைப்பது மட்டுமே அவற்றின் வேலை என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையால், நிறுத்தக் கூடாத நேரத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தி வைக்க வேண்டிய நேரத்தில் விடாமல் போடுகிறார்கள். இரண்டையும் கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருப்பதால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

சென்ற தை மாதம், மஞ்சள் வெட்டு நடந்துகொண்டிருந்த நேரத்தில், எழுபதைத் தாண்டிய ஒரு விவசாயி கடைக்கு வந்தார். மாரடைப்புக்குப் பிறகு அவருடைய இதயத்தின் இறைக்கும் திறன் 30 விழுக்காட்டுக்கு இறங்கியிருந்தது. சீட்டோடு சேர்த்து மடித்து வைத்திருந்த எக்கோ அறிக்கை அதைச் சொன்னது. மடிப்பை நீவிவிட்டுச் சீட்டைக் கண்ணாடி மேல் விரித்து, எழுதியிருந்த நான்கு மாத்திரைகளில் ஒன்றின் மேல் விரலை வைத்தார். நகக்கண்ணில் மஞ்சள் கறை அப்படியே இருந்தது.

"ஏனுங் தம்பி, பிரஷர் நூத்திப் பத்துக்கு எழுவதுன்னு சொல்லிப்போட்டாங்க. அதுதான் சரியாப் போச்சுங்களே, அப்புறம் இந்தப் பிரஷர் மாத்திர என்னத்துக்குங்க? இத மட்டும் உட்டுப்போட்டு மத்ததக் குடுங்க" என்றார்.

அவர் விரல் வைத்திருந்தது ராமிபிரில் மேல். "அது பிரஷருக்குன்னு குடுக்கலீங்க, இருதயத்துக்குக் குடுத்திருக்காங்க. இத உடவே கூடாதுங்க" என்று சொல்லி நான்கையும் கொடுத்தனுப்பினேன். கடையில் கூட்டம் இருக்கும்போது அவ்வளவுதான் சொல்ல முடியும். முழுதாகச் சொல்வதென்றால் சிறுநீரகத்துக்குள் இருக்கும் மிகச் சிறிய ஓர் இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்ணிய அலகுகள், உள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் மிக நுண்ணிய ரத்தக் குழாய்கள் முடிச்சுப் போட்டதுபோல் சுருண்டிருக்கும்; அதுதான் வடிகட்டும் இடம். அந்த முடிச்சுக்குள் ரத்தம் நுழைய ஒரு சிறு தமனியும் வெளியேற ஒரு சிறு தமனியும் உண்டு. இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. நாளொன்றுக்கு 180 லிட்டர் அளவுக்கு அங்கே வடிகட்டப்பட்டு, ஒன்றிரண்டு லிட்டரைத் தவிர மற்ற அனைத்தும் மீண்டும் ரத்தத்துக்கே திரும்புகிறது. ரத்தம் நுழையும் தமனியின் சுவரில் இருக்கும் சில உயிரணுக்கள் ரெனின் என்ற பொருளைச் சேமித்து வைத்திருக்கின்றன. தமனியின் சுவரில் விழும் அழுத்தம் குறைந்தாலும், நெஃப்ரானின் குழாயில் ஓடும் உப்பு குறைந்துவிட்டதாக அருகில் உள்ள மேக்குலா டென்சா என்ற உயிரணுக் கூட்டம் உணர்ந்தாலும், அபாய காலத்தில் உடலை முடுக்கும் சிம்பதெடிக் நரம்புகள் தூண்டினாலும் அவை ரெனினை ரத்தத்தில் விடுகின்றன.

ரெனின் தானாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை. கல்லீரல் உண்டாக்கி ரத்தத்தில் விட்டிருக்கும் ஆஞ்சியோடென்சினோஜன் என்ற நீண்ட புரதத்திலிருந்து, 10 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டை அது வெட்டுகிறது. அந்தத் துண்டு நுரையீரலின் ரத்தக் குழாய்களைக் கடக்கும்போது ஏ.சி.இ. என்ற நொதி அதிலிருந்து மேலும் இரண்டை வெட்டிவிட, 8 அமினோ அமிலம் கொண்ட ஆஞ்சியோடென்சின்-2 கிடைக்கிறது. இதுதான் செயல்படும் ஹார்மோன். இது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கச் செய்கிறது, தாகத்தை உண்டாக்குகிறது, மூளையிலிருந்து வாசோபிரசின் வெளிவரத் தூண்டுகிறது. ஆல்டோஸ்டிரோன் சிறுநீரில் போகவிருந்த சோடியத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு, அதற்கு மாற்றாகப் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. வாசோபிரசின் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது.

சித்திரை வெயிலில் நாள் முழுவதும் காட்டு வேலை செய்தவர்களை, வாந்தி பேதியில் நீர் வற்றியவர்களை, விபத்தில் ரத்தம் இழந்தவர்களை இந்த ஏற்பாடுதான் மயங்கி விழாமல் காக்கிறது. மனித உடலின் மிக நேர்த்தியான பாதுகாப்புகளில் ஒன்று என்றே இதைச் சொல்வேன். இதயம் பழுதாகும்போது, அதே பாதுகாப்பு தவறான செய்தியை நம்பி வேலை செய்யத் தொடங்குவதுதான் சிக்கல்.

கீழ்பவானிப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர்களுக்கு இதை எளிதில் விளக்கிவிடலாம். பவானிசாகர் அணை நிரம்பி நிற்கிறது. ஆனால் மதகு பழுதாகி வாய்க்காலில் போதுமான தண்ணீர் இறங்கவில்லை. 200 கிலோமீட்டர் ஓடும் வாய்க்காலின் கடைமடையில் இருப்பவருக்கு அணை தெரியாது. வாய்க்கால் வறண்டு கிடப்பதுதான் தெரியும். அதனால் அணையில் தண்ணீர் இல்லை, இன்னும் நீர் சேர்க்க வேண்டும் என்றே அவர் கேட்பார். இதயம் பலவீனமானவரின் சிறுநீரகம் அந்தக் கடைமடைக்காரரின் நிலையில் இருக்கிறது. உடலில் நீர் நிறைந்து கால் வீங்கி, நுரையீரலில் கோத்து, படுத்தால் மூச்சு முட்டும் நிலை வந்த பிறகும், தன்னிடம் வந்து சேரும் ரத்தம் குறைவாக இருப்பதால் அது ரெனினைச் சுரந்துகொண்டே இருக்கிறது. உப்பும் நீரும் மேலும் சேருகின்றன. குழாய்கள் மேலும் சுருங்குகின்றன. ஏற்கெனவே தளர்ந்த இதயம், சுருங்கிய குழாய்களுக்கு எதிராக, கூடுதல் நீரையும் சேர்த்து இறைக்க வேண்டியதாகிறது. அதன் இறைப்பு மேலும் குறைய, சிறுநீரகம் மேலும் ரெனின் சுரக்கிறது.

இதோடு நிற்பதில்லை. ஆஞ்சியோடென்சின்-2, ஆல்டோஸ்டிரோன் ஆகிய இரண்டும் மாதக்கணக்கில் அளவுக்கு மீறி இருந்தால் இதயத் தசை தடித்து, அதன் இடையே நார்த்தழும்பு படர்ந்து, இதய அறை உருமாறி விரிகிறது. சிறுநீரகத்திலும் அதே தழும்பு விழுகிறது. கையில் கட்டிப் பார்க்கும் கருவிக்கு இது தெரியாது. இதயம் தளர்ந்தவருக்கு இறைக்கும் ஆற்றலே குறைந்துவிடுவதால், ஹார்மோன்கள் உச்சத்தில் இருக்கும்போதும் ரத்த அழுத்தம் 110 என்று அமைதியாகக் காட்டலாம். அந்தப் பெரியவரின் 110க்கு 70 நலம் திரும்பியதற்கான அடையாளம் ஆகாது. மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் உடனே எகிறாமலும் இருக்கலாம். ஆனால் அந்தத் தழும்பு வேலை மீண்டும் தொடங்கிவிடும்.

இந்த மாத்திரைகள் இதயத்துக்கு என்ன செய்கின்றன என்பதற்கு ஊகம் தேவையில்லை, கணக்கு இருக்கிறது. 1987இல் வெளிவந்த, ஃபின்லாந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்த கன்சென்ஸஸ் ஆய்வில், இதயச் செயலிழப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்த 253 பேர் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பகுதியினருக்கு ராமிபிரில் வகையைச் சேர்ந்த எனலாபிரில், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஆறு மாதத்தில் போலி மாத்திரை பெற்றவர்களில் 44 விழுக்காட்டினர் இறந்துபோக, எனலாபிரில் பெற்றவர்களில் அது 26 விழுக்காடாக இருந்தது. அத்தனை நோயுற்றவர்களிடம் ஒரு சிறு மாத்திரை இவ்வளவு பெரிய மாறுதலைச் செய்தது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த மாத்திரை வந்த வழியும் நீண்டது. 1898இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ராபர்ட் டிகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை வேறு முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் ரத்த அழுத்தம் ஏறியது. அதற்குக் காரணமான பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டார்கள். பிறகு பல ஆண்டுகள் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934இல் அமெரிக்காவின் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு கவ்வியால் பாதி இறுக்கி, நிலையான உயர் ரத்த அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். ரத்த ஓட்டம் குறைந்த சிறுநீரகமே உடல் முழுவதின் அழுத்தத்தையும் ஏற்றிவிட முடியும் என்பது அப்போதுதான் உறுதியானது. 1940ஐ ஒட்டி அர்ஜென்டினாவில் ஒரு குழுவும் அமெரிக்காவில் ஒரு குழுவும் தனித்தனியே ஆஞ்சியோடென்சினைக் கண்டுபிடித்தன. அதைத் தடுக்கும் வழி ஒரு பாம்பின் நஞ்சிலிருந்து கிடைத்தது. பிரேசில் நாட்டு ஜரராக்கா விரியனின் நஞ்சில், பிராடிகைனின் என்ற பொருளின் செயலை நீட்டிக்கும் ஒரு கூறு இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரைரா அறிவித்தார். அந்தக் கூறு ஏ.சி.இ. நொதியையும் தடுத்தது. அதை அடிப்படையாகக் கொண்டு ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகேல் ஒண்டெட்டியும் வாயால் உட்கொள்ளக்கூடிய கேப்டோபிரிலை உருவாக்கினார்கள். 1981இல் அது அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. இன்று நம் ஊர்க் கடைகளில் இருக்கும் எனலாபிரில், ராமிபிரில் எல்லாம் அதன் வழிவந்தவை.

பிராடிகைனினை இங்கே குறிப்பிட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏ.சி.இ. நொதி ஆஞ்சியோடென்சினை உண்டாக்குவதோடு பிராடிகைனினைச் சிதைக்கவும் செய்கிறது. நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் தங்கிவிடும். சிலருக்கு அதனால் சளியில்லாத வறட்டு இருமல் வருகிறது. பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் விசைத்தறியில் இருப்பவர்கள் அதைப் பஞ்சுத் தூசி என்று நினைத்து இருமல் மருந்தாக வாங்கிக் குடிப்பார்கள். கடைக்கு வந்து இருமல் மருந்து கேட்பவர்களிடம், வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று கேட்பதை நான் வழக்கமாகவே வைத்திருக்கிறேன். இந்த வகை மாத்திரை என்று தெரிந்தால், எழுதித் தந்த மருத்துவரிடம் திருப்பி அனுப்புவேன். அவர் பெரும்பாலும் டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றித் தருவார். அவை நொதியைத் தொடாமல், ஆஞ்சியோடென்சின்-2 போய் ஒட்டும் இடத்தை மட்டும் அடைப்பதால் அந்த இருமல் வருவது அரிது. ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டுமே என்று இரு வகையையும் சேர்த்துப் போடக் கூடாது. ராமிபிரிலையும் டெல்மிசார்ட்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆண்டார்கெட் ஆய்வு 2008இல் வெளிவந்தது. கூடுதல் நன்மை எதுவும் இல்லை, சிறுநீரகக் கேடுதான் கூடியது.

சிறுநீரக நோயில் கதை வேறு திசையில் போகிறது. சர்க்கரையாலோ வேறு காரணத்தாலோ நெஃப்ரான்கள் ஒவ்வொன்றாக அழிந்த பிறகு, எஞ்சியவை அழிந்தவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்கின்றன. ஆஞ்சியோடென்சின்-2 வடிகட்டும் முடிச்சிலிருந்து ரத்தம் வெளியேறும் தமனியை அதிகமாகச் சுருக்குவதால், முடிச்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. அதனால் வடிகட்டும் அளவு குறையாமல் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அந்த அழுத்தத்தில் சல்லடை சேதமாகி, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். கசியும் புரதமே குழாய்களை மேலும் கெடுக்கும். டெல்மிசார்ட்டனோ எனலாபிரிலோ கொடுத்தால் வெளியேறும் தமனி தளர்கிறது, முடிச்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது, கசிவு குறைகிறது. அழுத்தம் இறங்கியதால் வடிகட்டும் அளவும் சற்றே குறையும். அதனால், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப் பொருளான கிரியேட்டினின் ரத்தத்தில் சிறிது ஏறும்.

இந்த ஏற்றத்தைக் கண்டு பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நான் பார்க்கும் இழப்புகளில் மிகப் பெரியது. காங்கேயத்துப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்கு நெடுநாளாகச் சர்க்கரை. சிறுநீரில் புரதம் போவது தெரிந்து டெல்மிசார்ட்டன் தொடங்கினார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தபோது கிரியேட்டினின் 1.2இலிருந்து 1.4 ஆகியிருந்தது. அறிக்கையில் 1.4 என்ற எண் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்த உறவினர் ஒருவர், "அந்த மாத்திர கிட்னியத் தின்னுபோடுமாக்கு, மொதல்ல நிறுத்துங்க" என்று சொல்ல, பெரியம்மாவும் நிறுத்திவிட்டார். மாத்திரை தந்த இடத்தில், இப்படிச் சிறிது ஏறும், அஞ்ச வேண்டாம் என்று ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இது நடந்திருக்காது என்பது என் மனக்குறை. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் 30 விழுக்காடு வரை ஏறி அங்கேயே நின்றுவிட்டால் அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றுதான் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பெரியம்மாவுக்கு ஏறியது 17 விழுக்காடுதான். அதற்கு மேல் போனாலோ ஏறிக்கொண்டே இருந்தாலோ, சிறுநீரகத் தமனிகள் இரண்டும் சுருங்கியிருக்கின்றனவா, உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று மருத்துவர் தேடிப் பார்ப்பார். விளக்கிச் சொன்ன பிறகு அவர் மீண்டும் தொடங்கினார்; பின்னர் எடுத்த பரிசோதனைகளில் கிரியேட்டினின் அதே அளவில் நிற்கிறது, சிறுநீரில் புரதம் நன்றாகக் குறைந்திருக்கிறது.

2001இல் வெளியான ரீனால் ஆய்வில், சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 1,513 பேர் இருந்தார்கள். லோசார்ட்டன் பெற்றவர்களிடம், சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பது 28 விழுக்காடு குறைந்தது. ரத்த அழுத்தம் குறைந்ததனால் மட்டும் கிடைக்கக்கூடிய நன்மையை விட இது அதிகம் என்று ஆய்வாளர்கள் குறிப்பிட்டார்கள். அழுத்தத்தின் எண்ணைத் தாண்டி இந்த மாத்திரைகளுக்கு வேலை இருக்கிறது என்பதற்குச் சிறுநீரகத்தின் பக்கத்திலிருந்து கிடைக்கும் சான்று இது.

எல்லா ரத்த அழுத்த மாத்திரையும் இந்த வகையல்ல. 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருவது நம் கிராமங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை. நடக்க முடியாத முதியவர்கள் பலர் இப்போது விடாமல் மாத்திரை எடுக்கிறார்கள். அப்படி வாங்குவோரில் பலருக்கு வருவது அம்லோடிபின். அது ரத்தக் குழாயின் சுவர்த் தசையைத் தளர்த்துகிறதே தவிர, ஹார்மோன்களைத் தொடுவதில்லை. நல்ல மருந்துதான், சிலருக்குக் கணுக்கால் வீக்கம் தரும். அந்த வீக்கத்தையும் இதயமோ சிறுநீரகமோ கெட்டு வரும் வீக்கத்தையும் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது. ஆகவே கால் வீங்கினால் நீர் மாத்திரை கேட்டுக் கடைக்கு வராமல் முதலில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

இதயமும் வாளாவிருப்பதில்லை. அதன் மேலறைகளின் தசைக்குள் சிறு மணிகள் போன்ற பைகள் இருப்பது 1950களிலேயே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்திருந்தும் அவை எதற்கு என்று தெரியவில்லை. 1981இல் கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட், எலியின் இதய மேலறைச் சாற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தினார். அவை உப்பையும் நீரையும் மளமளவென்று வெளியேற்றின. அதுவரை இறைக்கும் கருவியாக மட்டும் கருதப்பட்ட இதயம் ஒரு ஹார்மோன் சுரப்பியும்கூட என்பது அப்படித்தான் தெரியவந்தது. சுவர் இழுபட்டு விரியும்போது இதயம் சுரக்கும் இந்த நேட்ரியூரெடிக் பெப்டைடுகள், ரெனின் அணி செய்வதற்கெல்லாம் எதிராக, உப்பை வெளியேற்றி, குழாய்களைத் தளர்த்தி, ரெனினையே அடக்குகின்றன. 1988இல் பன்றியின் மூளையில் கண்டெடுத்ததால், மூளையைக் குறிக்கும் 'பிரெயின்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தோடு பி.என்.பி. என்று பெயர் பெற்ற இன்னொரு பெப்டைடை மனித உடலில் பெரிதும் சுரப்பது இதயத்தின் கீழறைகளே. மூச்சுத் திணறலோடு வருபவருக்குக் கோவை, ஈரோடு மருத்துவமனைகளில் எடுக்கும் என்.டி. புரோ-பி.என்.பி. பரிசோதனை இதன் அடிப்படையில் அமைந்தது.

அப்படியானால் இதயம் தளர்ந்தவருக்கு இந்தப் பெப்டைடுகள் ஏராளமாக இருந்தும் ஏன் நீர் வடிவதில்லை? சிறுநீரகம் அவற்றின் சொல்லுக்கு அசைவது குறைந்துவிடுகிறது, எதிரணி ஓங்கிவிடுகிறது, நெப்ரிலைசின் என்ற நொதி அவற்றைச் சிதைத்துக்கொண்டும் இருக்கிறது. அந்த நொதியைத் தடுக்கும் சாக்குபிட்ரிலை, லோசார்ட்டன் வகையைச் சேர்ந்த வால்சார்ட்டனோடு சேர்த்த மாத்திரை, 2014இல் வெளியான பாரடைம் ஆய்வில், எனலாபிரிலோடு ஒப்பிடும்போது இதய மரணத்தையும் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வதையும் சேர்த்து 20 விழுக்காடு குறைத்தது. விலை முன்பைவிட இறங்கியிருப்பதால் இப்போது எங்கள் ஊரிலும் பலர் வாங்குகிறார்கள். எனலாபிரில், ராமிபிரில் போடுபவர் இதற்கு மாறும்போது இடையில் 36 மணி நேரம் விட வேண்டும். இல்லையென்றால் நாக்கும் தொண்டையும் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் மிச்சமிருக்கும் பழைய அட்டையைத் தீர்த்துவிடலாமே என்று இரண்டையும் சேர்த்துப் போடுபவர்கள் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வாசோபிரசின் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதயம் தளர்ந்தவரின் ரத்தப் பரிசோதனையில் சோடியம் குறைந்திருப்பதைப் பார்த்து, "உப்புச் சத்து கொறஞ்சுபோச்சாம்" என்று மோரில் உப்பைக் கூட்டிப் போட்டுக் கொடுப்பதும், ஊறுகாயும் கருவாடும் சேர்ப்பதும் நம் வீடுகளில் நடக்கிறது. அவர் உடலில் உப்பு குறையவில்லை. வாசோபிரசின் மிகுந்து தண்ணீர் அதைவிட அதிகமாகத் தேங்கியதால் சோடியம் நீர்த்துப்போயிருக்கிறது. உப்பைச் சேர்த்தால் நுரையீரலில் நீர் ஏறும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. உப்பு கூடினால் இந்த மாத்திரைகள் சிறுநீரில் புரதத்தைக் குறைக்கும் திறனும் மங்கிவிடும்.

நம் பகுதியில் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது பொட்டாசியம். ஆல்டோஸ்டிரோனின் வேலையைக் குறைக்கும் எந்த மருந்தும் பொட்டாசியத்தை உள்ளே தங்க வைக்கும். அதிலும் ஆல்டோஸ்டிரோனை நேராகத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் விலை மலிவான, அருமையான மருந்து. 1999இல் வெளியான ரேல்ஸ் ஆய்வில், கடுமையான இதயச் செயலிழப்பில் மரணத்தை 30 விழுக்காடு குறைத்தது. அந்த ஆய்வு வந்ததும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதை எழுதித் தருவது சட்டென்று பெருகியது. கூடவே பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் பெருகினார்கள் என்று 2004இல் கணக்கெடுத்துச் சொன்னார்கள். மருந்தில் குறையில்லை. ரத்தப் பரிசோதனை அதற்கு ஈடாக நடக்கவில்லை.

பொள்ளாச்சி இளநீர் நமக்குப் பெருமை. ஆனால் ஓர் இளநீரில் அரை கிராம் அளவுக்குப் பொட்டாசியம் இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிறுநீரகம் பழுதாகி, எனலாபிரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் போட்டுக்கொண்டிருப்பவர், உடம்புச் சூட்டுக்கு நல்லது என்று காலையில் ஒன்று மாலையில் ஒன்று குடித்தால் பொட்டாசியம் சத்தமில்லாமல் ஏறி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம். முன்னறிகுறி எதுவும் தெரியாமலே இது நடக்கக்கூடும். நோயாளியைப் பார்க்க வருபவர்கள் இளநீர்க் குலையோடு வருவது நம் வழக்கம் என்பதால், கட்டிலுக்குக் கீழேயே அது அடுக்கியிருக்கும். பிரஷருக்கு நல்லது என்று விற்கப்படும் சோடியம் குறைந்த உப்பும் இப்படித்தான். சோடியத்துக்கு மாற்றாக அதில் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். மற்றவர்களுக்கு நல்லதாக இருக்கும் அதே உப்பு இவர்களுக்கு ஆகாது.

வலி மாத்திரையும் அதே அளவுக்கு ஆபத்தானது. மஞ்சள் வெட்டு, கரும்பு வெட்டு முடிந்த மாலைகளில் டைக்ளோஃபினாக் கேட்டு வருபவர்கள் அதிகம். சிறுநீரகத்துக்குள் ரத்தம் நுழையும் தமனியைத் திறந்து வைத்திருப்பது உடலே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள். வலி மாத்திரை அவற்றை நிறுத்திவிடுகிறது. ராமிபிரிலோ டெல்மிசார்ட்டனோ ஏற்கெனவே வெளியேறும் தமனியைத் தளர்த்தியிருக்கும். நீர் மாத்திரை உடலின் நீரையும் குறைத்திருக்கும். நுழைவு சுருங்கி, வெளியேற்றம் திறந்து, நீரும் குறைந்த நிலையில் வடிகட்ட வேண்டிய அழுத்தமே இல்லாமல் போய்ச் சிறுநீரகம் சில நாள்களில் முடங்கிவிடலாம். இந்த மூன்றும் சேர்ந்தவருக்கு என் கடையில் டைக்ளோஃபினாக் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு. அப்படிப் போனாலும் பரவாயில்லை, பாராசிட்டமாலைக் கையில் கொடுத்து, வலி தாளவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியே அனுப்புகிறேன்.

வாந்தி, பேதி, சாப்பிட முடியாத கடும் காய்ச்சல் ஆகியவற்றின்போது இந்த மாத்திரைகளை நிறுத்தி வைப்பது பற்றியும் பலருக்குத் தெரியவில்லை. நீர் வற்றிய உடலுக்கு அந்தச் சமயத்தில் ரெனினும் ஆஞ்சியோடென்சினும் உண்மையிலேயே தேவைப்படுகின்றன. கடைமடையின் கூக்குரல் அப்போது பொய்யல்ல. ராமிபிரில், டெல்மிசார்ட்டன், ஸ்பைரோனோலாக்டோன், நீர் மாத்திரை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கலாமா என்று உடனே மருத்துவரிடம் தொலைபேசியிலாவது கேட்க வேண்டும். பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்த்து அவர்களாகவே சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. அவை சிம்பதெடிக் நரம்புகளை அடக்குபவை, திடீரென்று விட்டால் இதயத்துக்கு ஆபத்து. கருவுற்றிருக்கும் பெண்களுக்கும் கருத்தரிக்க எண்ணுபவர்களுக்கும் ராமிபிரில், டெல்மிசார்ட்டன் வகை அறவே ஆகாது, குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்படும். இளம் வயதிலேயே ரத்த அழுத்தம் வந்த பெண்கள் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

நிறுத்தி வைத்தவர்களில் பலர், பேதி நின்று வழக்கம்போலச் சாப்பிடத் தொடங்கிய பிறகும் மாத்திரையை மீண்டும் எடுப்பதில்லை. நன்றாகத்தானே இருக்கிறோம் என்று வாரங்கள் ஓடிவிடுகின்றன; பிறகு ஒருநாள் இரவு மூச்சுத் திணறலோடு ஆம்புலன்சில் போகிறார்கள். வழக்கமாகச் சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, ஒன்றிரண்டு நாள் ஆனதும் மீண்டும் தொடங்கலாம் என்பதே பொதுவான அறிவுரை. ஆகவே நிறுத்தச் சொல்லி மருத்துவர் கூறிவிட்டதாக யாராவது வந்தால், மறுபடி எந்த நாளில் தொடங்கச் சொன்னார் என்று கேட்டு, அந்தத் தேதியை மாத்திரை அட்டையின் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன். கேட்டு வரவில்லை என்றால், கடையிலிருந்தே அந்த மருத்துவருக்குப் போன் போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.